ஹாக்னோஸ் பாம்பு வளர்ப்பில் முதலாண்டுச் சிக்கல்கள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கனடாவின் தென்பகுதியில் தொடங்கி மெக்சிகோவின் வடபகுதி வரை நீளும் புல்வெளிகளிலும் மணற்பாங்கான நிலங்களிலும் வாழும் மேற்கத்திய ஹாக்னோஸ், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் முதன்முதலாகப் பாம்பு வளர்ப்போர் பலர் தேர்ந்தெடுக்கும் இனமாகும். ஆண் பாம்பு ஒன்றரை அடியைத் தாண்டுவது அரிது. பெண் இரண்டடி வரை, சில வேளை அதற்கு மேலும் வளரும். மேல்நோக்கி வளைந்த, பன்றியின் மூக்கை நினைவூட்டும் மூக்குச் செதிலால் மண்ணைக் கிளறுவதால் இப்பெயர் வந்தது. மேல்தாடையின் பின்பகுதியில் உள்ள பெரிய பற்களும், கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியில் ஊறும் மென்மையான நஞ்சும் இதைப் பின்பல் நச்சுப்பாம்புகளின் வரிசையில் சேர்க்கின்றன. நல்ல பராமரிப்பில் இது பதினைந்து ஆண்டுகள் வரை வாழக்கூடும் என்பதால், வாங்கும் முடிவை ஒரு வார இறுதியின் ஆசையில் எடுக்கக் கூடாது.

நம் ஊர்ப் பச்சைப்பாம்பும், அதாவது கண்கொத்தி என்று பாட்டிமார் பயமுறுத்தும் அந்தப் பாம்பும், இதே போன்ற பின்பல் நச்சுப்பாம்புதான். ஆனால் இந்தியாவில் வயலிலோ தோட்டத்திலோ பிடித்த பாம்பை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். ஆகவே கீழே உள்ளவை, வளர்ப்பில் பிறந்த ஹாக்னோஸைச் சட்டம் அனுமதிக்கும் இடத்தில் வைத்திருப்போருக்கு மட்டுமே பொருந்தும். வெளிநாடுகளிலும் சில மாநிலங்களும் நகராட்சிகளும் 'நச்சுள்ள விலங்கு' என்ற ஒரே சொல்லில் இதையும் அடக்கித் தடை செய்துள்ளன என்பதால், வாங்குவதற்கு முன் உள்ளூர் விதியைப் பார்த்துவிட வேண்டும்.

எதையும் மாற்றுவதற்கு முன்

நான் இந்தப் பாம்பை வளர்க்கத் தொடங்கிய முதல் ஆண்டில் செய்த தவறுகளில் பெரும்பாலானவை ஒரே வகையைச் சேர்ந்தவை: பாம்பின் நடத்தையைப் பார்த்துக் கவலைப்பட்டு, எதையும் அளந்து பார்க்காமல், ஒரே நாளில் மூன்று பொருட்களை மாற்றினேன். சரியானபோதும் எதனால் சரியாயிற்று என்று தெரியவில்லை. எனவே கண்ணாடித் தொட்டியின் சூடான முனையிலும் குளிர்ந்த முனையிலும் ஒவ்வொரு வெப்பமானி, ஒரு ஈரப்பதமானி, ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் சமையலறைத் தராசு, தேதியும் எடையும் உணவும் எழுதி வைக்க ஒரு நோட்டு ஆகியவை முதலில் இருக்க வேண்டும். சூடான முனையின் தரைப்பரப்பு 32 முதல் 34 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த முனை 22 முதல் 25 டிகிரி, ஈரப்பதம் 30 முதல் 50 விழுக்காடு என்பவை இந்த இனத்துக்கு ஏற்ற அளவுகள். கீழே எந்த அறிகுறியைத் தேடி வந்திருந்தாலும் இந்த மூன்று எண்களையும் முதலில் குறித்துக்கொண்டு படிக்கவும்; அவற்றில் ஒன்று பிசகியிருந்தால் அதை மட்டும் திருத்தி ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கவும்.

படம் எடுக்கிறது, சீறுகிறது, மூக்கால் இடிக்கிறது

கழுத்தைத் தட்டையாக விரித்து நல்லபாம்பைப் போலப் படம் எடுப்பதும், சிறிய உடலுக்குப் பொருந்தாத பெருஞ்சத்தத்துடன் சீறுவதும், வாயை மூடியபடியே முன்பாய்ந்து இடிப்பதும் இந்தப் பாம்பின் தற்காப்பு நாடகம். இது நோயன்று, கடிக்கும் எண்ணமும் பெரும்பாலும் இதில் இல்லை. புதிதாக வந்த குட்டியை முதல் இரண்டு வாரமும், அது இரண்டு மூன்று வேளை ஒழுங்காக உண்ணும் வரையிலும், கையிலெடுக்காமல் விட்டுவிட வேண்டும். அதன் பிறகு மேலிருந்து கையைத் தலைக்கு நேராக இறக்காமல், பக்கவாட்டிலிருந்து உடலின் நடுப்பகுதிக்கு அடியில் கையை நுழைத்து ஐந்து நிமிடம் மட்டும் எடுத்துப் பழக்கலாம். சீறியவுடன் கையை எடுத்துவிட்டால், சீறினால் ஆள் போய்விடுவார் என்ற பாடத்தை அது கற்றுக்கொள்கிறது என்பது என் அனுபவம். சில பாம்புகள் எத்தனை ஆண்டானாலும் சீறிக்கொண்டேதான் இருக்கும். அது அவற்றின் குணம்.

மல்லாந்து கிடக்கிறது, வாய் பிளந்து நாக்கு தொங்குகிறது

அச்சம் உச்சத்தை எட்டும்போது ஹாக்னோஸ் உடலை முறுக்கி மல்லாந்து, வாயைப் பிளந்து, நாக்கை வெளியே தொங்கவிட்டு, துர்நாற்றமுள்ள கழிவையும் வெளியேற்றிச் செத்துப்போனதாக நடிக்கும். கிழக்கத்திய இனத்தோடு ஒப்பிட்டால் மேற்கத்தியது இதைக் குறைவாகவே செய்யும் என்பதால், முதன்முறை பார்ப்பவர் உண்மையிலேயே பதறிப்போவார். நடிப்பா என்று அறிய ஒரு வழி உண்டு: மெதுவாகக் குப்புறத் திருப்பி வைத்தால், செத்த பாம்பு மல்லாந்துதான் கிடக்க வேண்டும் என்பதுபோல் அது உடனே மறுபடியும் திரும்பி மல்லாந்துவிடும். அந்த அறையை விட்டு வெளியேறிக் கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் எழுந்து போயிருக்கும்.

யாரும் தொடாமலும் அருகில் செல்லாமலும் இருக்கும்போது பாம்பு தொட்டியில் இப்படிக் கிடந்தால் அது நடிப்பாக இருக்க வாய்ப்பில்லை. முதலில் வெப்பமானியைப் பார்க்கவும். சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவியான தெர்மோஸ்டாட் பழுதடைந்து தொட்டி முழுவதும் 38 டிகிரியைத் தாண்டியிருந்தால் பாம்பு உயிருக்குப் போராடுகிறது என்று பொருள். சூட்டை அணைத்து, அறை வெப்பநிலையில் உள்ள பெட்டிக்கு அதை மாற்றி, ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டு செல்ல வேண்டும். விரைவாகக் குளிர்விக்க ஐஸ் நீரில் வைப்பது அதற்கு இன்னொரு அதிர்ச்சியாகிவிடும்.

உண்ண மறுக்கிறது

புதியவர்களின் கவலைகளில் பாதிக்கு மேல் இதுதான். காட்டில் இந்தப் பாம்பு தேரை, தவளை, பல்லி, முட்டை, சிறு எலி என்று பலவற்றை உண்டு வாழ்கிறது. வளர்ப்பிலோ உறைய வைத்து உருக்கிய எலியைத்தான் கொடுக்கிறோம். ஐந்து, ஆறு கிராம் எடையுள்ள குட்டிக்கு, முடி முளைக்காத, பிங்கி எனப்படும் எலிக்குஞ்சு முற்றிலும் அந்நியமான மணமாகவே தோன்றக்கூடும்.

முதல் கேள்வி வெப்பநிலை. சூடான முனை 28 டிகிரிதான் இருந்தால் பாம்பால் சரியாகச் செரிக்க முடியாது. அதனால் உண்ணாமல் இருப்பது அதன் அறிவுடைமை. இரண்டாவது கேள்வி எலியின் வெப்பம். எலியை முந்தைய இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருக்கி, மறுநாள் நீர் புகாத பையில் போட்டு, கை பொறுக்கும் சூட்டிலுள்ள நீரில் பத்து நிமிடம் மூழ்க வைத்துத் துடைத்துக் கொடுக்க வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கினால் சூடு சீராகப் பரவாமல் சில இடம் குளிர்ந்தும் சில இடம் வெந்தும் போகும், வெடிக்கவும் கூடும். மூன்றாவது கேள்வி தனிமை: இடுக்கியை ஆட்டி ஆட்டிக் காட்டினால் கூச்சமுள்ள குட்டி பின்வாங்கும். துளையிட்ட மூடியுள்ள சிறு பிளாஸ்டிக் டப்பாவில் பாம்பையும் எலிக்குஞ்சையும் மாலையில் வைத்து, துணியால் மூடி, காலை வரை திறக்காமல் இருப்பது இடுக்கியை விடப் பல முறை எனக்குக் கைகொடுத்திருக்கிறது. டப்பாவைத் தொட்டியின் நடுப்பகுதியில் வைக்கவும். சூடான முனையில் வைத்தால், தப்பிக்க வழியில்லாத பாம்பு வெந்துபோகும்.

இவற்றுக்கும் மசியாவிட்டால் மணம் ஏற்றலாம். உப்பும் எண்ணெயும் சேர்க்காமல் நீரில் அடைத்த சூரை மீன் டின்னின் சாற்றில் எலிக்குஞ்சின் தலையை மட்டும் தொட்டுக் கொடுத்தால், அதுவரை முகம் திருப்பிய பாம்பு நாக்கை நீட்டி நீட்டி முகர்ந்து, பின் ஒரே கவ்வாகக் கவ்வும். பழகியபின் ஒவ்வொரு வேளையும் சாற்றைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிட வேண்டும். மீனையே உணவாகக் கொடுக்கக் கூடாது; காட்டுத் தவளையைப் பிடித்துக் கொடுப்பது ஒட்டுண்ணிகளை விருந்துக்கு அழைப்பதற்குச் சமம். வாயைத் திறந்து திணிக்கும் முறையைப் புதியவர்கள் முயலவே கூடாது; அது மருத்துவரின் வேலை.

வளர்ந்த ஆண் பாம்பு நவம்பர் முதல் மார்ச் வரை உண்ணாதிருப்பது வழக்கமானது. என்னிடம் உள்ள ஆண் பாம்பு ஓர் ஆண்டு நவம்பரில் 74 கிராம் இருந்தபோது உணவைத் தொடுவதை நிறுத்தியது. நான் வாரந்தோறும் ஒரு எலியை உருக்கி, வாரந்தோறும் அதைக் குப்பையில் போட்டேன், ஏனெனில் ஒருமுறை உருகியதை மீண்டும் உறைய வைக்கக் கூடாது. மார்ச் முதல் வாரம் அது மீண்டும் உண்ணத் தொடங்கியபோது தராசு 70 கிராம் காட்டியது. நான்கு கிராம் இழப்புக்கு நான்கு மாதத் தூக்கத்தைக் கொடுத்திருக்க வேண்டியதில்லை. எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, முதுகெலும்பு புடைத்துத் தெரிந்தாலோ, குட்டி தொடர்ந்து ஐந்தாறு வேளை மறுத்தாலோ மட்டும் மருத்துவரிடம் செல்லவும். குட்டியை வாங்கும்போதே, மணம் ஏற்றாத எலியைக் குறைந்தது ஐந்து வேளை உண்டதற்கான குறிப்பை வளர்ப்பாளரிடம் கேட்டு வாங்கினால் இந்தப் பகுதி முழுவதும் தேவைப்படாமலே போகலாம்.

உண்டதைக் கக்குகிறது

உண்ட இரண்டு மூன்று நாட்களுக்குள் பாதி செரித்த எலி வெளியே கிடந்தால், சூடு போதாமை, எலி பெரிதாயிருந்தமை, உண்ட நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் கையிலெடுத்தமை ஆகிய மூன்றில் ஒன்றே பெரும்பாலும் காரணம். எலியின் எடை பாம்பின் எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். கக்கியவுடன் 'பசிக்குமே' என்று இன்னொன்றைக் கொடுப்பதுதான் மிகக் கெட்ட பிழை. செரிமான நீரை இழந்து புண்பட்ட குடலுக்கு ஓய்வு தேவை. நீர் மட்டும் வைத்து பத்து முதல் பதினான்கு நாள் காத்திருந்து, வழக்கமான அளவில் பாதியைக் கொடுக்கவும். இரண்டாவது முறையும் கக்கினால் கழிவை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லவும்.

வயிற்றுச் செதில்கள் பழுப்பேறுகின்றன அல்லது கொப்புளிக்கின்றன

இதன் காரணம் பலருக்குப் பிடிபடுவதில்லை. தோண்டும் பாம்பு என்பதால் ஆஸ்பென் மரச்சீவலைப் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்பச் சொல்கிறார்கள். சூட்டுக்கு, தொட்டியின் அடியில் ஒட்டும், ஹீட் மேட் எனப்படும் சூடேற்றும் விரிப்பை விற்கிறார்கள். தனித்தனியே இரண்டும் சரி. ஆனால் சேர்ந்தால், அத்தனை சீவலையும் தாண்டிச் சூடு மேலே வருவதில்லை. மேற்பரப்பில் கிடக்கும் வெப்பமானி 27 டிகிரி காட்டுகிறது. வளர்ப்பவர் தெர்மோஸ்டாட்டைக் கூட்டுகிறார். பாம்பு சூட்டைத் தேடித் தோண்டிக் கீழே சென்று, 45 டிகிரிக்கு மேல் கொதிக்கும் வெறும் கண்ணாடியின்மேல் படுக்கிறது. பாம்புகள் அடிவயிற்றுச் சூட்டிலிருந்து விலகாமல் அப்படியே கிடந்து வெந்துபோவதுண்டு.

தெர்மோஸ்டாட்டின் உணர்முனையைக் கண்ணாடிக்கும் ஹீட் மேட்டுக்கும் இடையில் பொருத்தி, கண்ணாடியின் உட்புறத் தரையே 34 டிகிரியைத் தாண்டாதபடி செய்துவிட்டு, அந்த முனையில் மட்டும் சீவலை இரண்டு சென்டிமீட்டராகக் குறைப்பது ஒரு வழி. மேலிருந்து சூடேற்றும் விளக்கை, அதற்குரிய தெர்மோஸ்டாட்டுடனும் பாம்பு தொடமுடியாத கம்பிக்கூண்டுடனும் பொருத்துவது மேலான வழி. கொப்புளம் வந்துவிட்டால் சீவலை எடுத்துவிட்டுக் காகிதத் துண்டு விரித்து, மருத்துவரிடம் காட்டவும். சூடு சரியாக இருந்தும் செதில்கள் சிவந்து மெத்தென்று இருந்தால் சீவல் ஈரமாக இருப்பதே காரணம். நீர்க்கிண்ணம் கவிழ்ந்ததா என்று பார்க்கவும். தேவதாரு போன்ற மணமுள்ள மரச்சீவல் எதையும் பயன்படுத்தக் கூடாது.

சட்டை துண்டு துண்டாக உரிகிறது

கண்கள் நீலம் பாரித்து மங்கினால் பாம்பு ஒன்றிரண்டு வாரத்தில் சட்டை உரிக்கப் போகிறது என்று பொருள். அந்நாட்களில் கையிலெடுக்காமலும், உண்ண மறுத்தால் வற்புறுத்தாமலும் இருக்கவும். முழுச் சட்டையும் ஒரே உறையாகக் கழல வேண்டும். அமெரிக்காவின் வடபகுதியில் குளிர்காலத்தில் வீட்டுச் சூடேற்றி ஓடும் மாதங்களில் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கி, சட்டை காய்ந்து ஒட்டிக்கொள்ளும். தொட்டி முழுவதும் நீர் தெளிப்பதற்குப் பதிலாக, மூடியில் ஓட்டையிட்ட டப்பாவில் நனைத்துப் பிழிந்த பாசியை வைத்தால் பாம்பே அதற்குள் சென்று படுத்துக்கொள்ளும். உரித்த சட்டையை விரித்து வால்நுனியும் கண்களை மூடியிருக்கும் இரு கண்ணாடிச் செதில்களும் அதில் உள்ளனவா என்று பார்க்கவும். வால்நுனியில் தங்கிய வளையம் இரத்த ஓட்டத்தை நிறுத்தி நுனியையே காய வைத்துவிடும். வெதுவெதுப்பான ஆழமற்ற நீரில் இருபது நிமிடம் ஊற வைத்து, ஈரப் பஞ்சால் மெல்ல உருட்டி எடுக்கலாம். கண்ணில் தங்கியதை மட்டும் இடுக்கியால் தொடவே கூடாது. அடுத்த உரிப்பு வரை காத்திருக்கவும், அப்போதும் போகாவிட்டால் மருத்துவரிடம் காட்டவும்.

வாய் திறந்தபடி இருக்கிறது, மூச்சில் சத்தம் வருகிறது

உண்டபின் வாயை அகலத் திறந்து தாடையைச் சரிசெய்வது இயல்பு. சட்டை உரிப்பதற்குச் சற்று முன்பு மூக்கில் மெல்லிய சீழ்க்கை கேட்பதும் பெரும்பாலும் பழைய தோல் துளையை அடைப்பதால்தான். வாயோரத்தில் மரச்சீவல் சிக்கியிருக்கலாம். எலியைத் தட்டையான ஓட்டின்மேல் வைத்துக் கொடுத்தால் இது குறையும். ஆனால் சீறாத நேரத்திலும் கரகரப்பு கேட்டு, வாயிலோ மூக்கிலோ நுரை தெரிந்து, பாம்பு தலையை மேல்நோக்கித் தூக்கி வைத்திருந்தால் அது சுவாசத் தொற்று. சூட்டைச் சரிபார்த்துக்கொண்டே மருத்துவரை அழைக்கவும். அதற்கு வீட்டு வைத்தியம் இல்லை.

நீர்க்கிண்ணத்திலேயே கிடக்கிறது

தொட்டி அதிகச் சூடாக இருக்கலாம். அல்லது உண்ணிகள் இருக்கலாம். கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூளைப் போன்ற கரும்புள்ளிகள் மூழ்கிக் கிடந்தால், வெள்ளைக் காகிதத்தால் பாம்பை மெல்லத் துடைத்துப் பார்த்து உறுதி செய்யவும். சீவல் முழுவதையும் பையில் கட்டி வெளியேற்றி, காகிதத் தரைக்கு மாறி, மருந்தை மருத்துவர் சொன்ன அளவில் மட்டும் பயன்படுத்தவும்.

கடித்துவிட்டது, விட மறுக்கிறது

கடியின் காரணம் பெரும்பாலும் கோபமன்று, மணம். எலியை உருக்கிய கையைக் கழுவாமல் தொட்டிக்குள் விட்டால், கை எலியாகிவிடுகிறது. இந்தப் பாம்பிடம் நஞ்சைப் பாய்ச்சும் துளைப்பல் இல்லை. பின்பற்கள் பதியும்வரை மென்றால்தான் நஞ்சு உள்ளே ஊறும். எனவே எத்தனை நொடி மெல்ல விடுகிறோம் என்பதே கடியின் தீவிரத்தைத் தீர்மானிக்கிறது. பற்கள் பின்னோக்கி வளைந்தவை என்பதால் இழுத்தால் தோல் கிழியும், பாம்பின் பல்லும் உடையும். குழாயைத் திறந்து குளிர்ந்த நீரைத் தலையின்மேல் ஓட விடவும். விடாவிட்டால் தலையைச் சற்று முன்னே தள்ளி மேலே தூக்கவும்.

பிறகு சோப்பு போட்டுக் கழுவி, மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் உடனே கழற்றி, கையை உயர்த்தி வைக்கவும். கயிறு கட்டுவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் தீங்கையே தரும். நீண்ட நேரம் மென்ற கடியில் வீக்கமும் கன்றிய நிறமும் நீர்க்கொப்புளங்களும் வந்து, சிலருக்குச் சில நாள், சிலருக்குச் சில வாரம் நீடிக்கும். அரிதாக இரத்தத் தட்டணுக்கள் குறைந்ததும் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. இதற்கு முறிமருந்து கிடையாது, சிகிச்சை அறிகுறிகளுக்குத்தான். மூச்சுத் திணறல், முகவீக்கம், உடலெங்கும் தடிப்பு, எங்கேனும் இரத்தக் கசிவு, மணிக்கட்டைத் தாண்டிப் பரவும் வீக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குழந்தைகள் கடிபட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம். பாம்பின் பெயரை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லவும்; அவசரப் பிரிவில் 'பாம்பு கடித்தது' என்று மட்டும் சொன்னால், கட்டுவிரியன் கடித்ததைப் போன்ற பரபரப்பு எழும்.

தொட்டி காலியாக இருக்கிறது

முதலில் சீவலை முழுவதும் கையால் அளைந்து பார்க்கவும். 'தப்பித்த' ஹாக்னோஸ்களில் பல உள்ளேயேதான் இருக்கின்றன. உண்மையிலேயே போயிருந்தால், கதவடியைத் துணியால் அடைத்து, வெப்பம் கசியும் இடங்களாகிய குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம், மோடம், சூடேற்றியின் அடி ஆகியவற்றைத் தேடவும். இரவில் சுவரோரமாக மெல்லிய கோடாக மைதா தூவி வைத்தால், காலையில் அதன் குறுக்கே நெளிந்த தடம் எந்தப் பக்கம் போயிற்று என்று காட்டும். என் பாம்பு மூன்றாம் நாள் காலை புத்தக அலமாரியின் அடித்தட்டுக்குப் பின்னால், தட்டையாகச் சுருண்டு, தூசி படிந்த மூக்கோடு கிடைத்தது. எடுத்தவுடன் படம் எடுத்துச் சீறியது. அன்றே தொட்டியின் மூடிக்குக் கொக்கிகள் வாங்கினேன்.